துருவக் கடல் உருகினால் மீன் யாருக்கு? முல்லைத்தீவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றில் புவியியல் படிப்பிக்கிறேன். உயர்தர வகுப்பில் காலநிலை மாற்றம் வரும்போது துருவப் பனியைத் தொடாமல் போக முடியாது. பிள்ளைகள் அதை வீட்டில் போய்ச் சொல்ல, தகப்பன்மார் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்தில் என்னைப் பிடித்து மறித்துக் கேட்பார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தபடியால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே கேள்விகளை எழுதிப் பதிலையும் கீழே தந்திருக்கிறேன்.

ரீச்சர், துருவக் கடல் எண்டா ஒரே ஐஸ்தானே? அங்க மீன் இருக்கோ?

நிறையவே இருக்கிறது. குளிர்ந்த நீரில் ஒட்சிசன் கூடுதலாகக் கரையும். கோடையில் சூரியன் மறையாமல் நிற்பதால் கண்ணுக்குத் தெரியாத பாசி பெருகும். அதைத் தின்னச் சிற்றுயிர்கள், அவற்றைத் தின்ன மீன்கள். நோர்வேக்கும் ரஷ்யாவுக்கும் வடக்கேயுள்ள பேரன்ட்ஸ் கடலில் கொட் மீன் பெயர் போனது. அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் பொலொக் மீனும் பனி நண்டும். தெற்கே அந்தாட்டிக்காவைச் சுற்றிக் கிறில் என்ற சிற்றுயிர். நம் கூனி இறாலைக் கொஞ்சம் பெரிதாக, விரல் நீளத்துக்கு நினைத்துப் பாருங்கள். திமிங்கிலம், பென்குவின், சீல் எல்லாம் அதை நம்பித்தான் சீவிக்கின்றன.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். வடதுருவம் நிலம் சூழ்ந்த கடல். தென்துருவம் கடல் சூழ்ந்த நிலம். வடக்கில் சுற்றிவர நாடுகள் இருப்பதால் கடலின் பெரும்பகுதிக்கு உரிமைக்காரர் உண்டு. தெற்கில் நில உரிமைக் கோரிக்கைகளை எல்லாம் 1959ஆம் ஆண்டின் அந்தாட்டிக்க ஒப்பந்தம் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறது. அதனால் இரண்டு இடத்திலும் மீன் சட்டம் வேறு வேறு விதமாக வளர்ந்தது.

ஐஸ் உருகினா மீனுக்கு இடம் கூடும்தானே? நல்லம்தானே?

சில மீனுக்கு நல்லது, சிலவற்றுக்கு அழிவு. பூமியின் சராசரியைவிட ஆர்க்டிக், அதாவது வடதுருவப் பகுதி, கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகமாகச் சூடாகிறது. கொட் போன்ற மீன்கள் அந்தச் சூட்டோடு வடக்கே நகர்ந்து புதிய மேய்ச்சல் பிடிக்கின்றன. பனிக்கடியிலேயே வாழும் துருவக் கொட்டுக்கு ஒதுங்க இடமில்லாமல் போகிறது. தெற்கில் கிறில் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடற்பனியின் அடியில் ஒட்டிய பாசியைத் தின்றுதான் பிழைக்கின்றன. 2023 பெப்ரவரியில் அந்தாட்டிக்கக் கடற்பனி அதுவரை பதிவான ஆகக் குறைந்த அளவுக்கு இறங்கியது.

பனி நண்டின் கதையை நான் வகுப்பில் எப்போதும் சொல்வேன். பெரிங் கடலில் 2018, 2019இல் கடும் கடல் வெப்ப அலை வந்தது. குளிர் நீரில் வாழும் நண்டுக்குச் சூட்டில் பசி கூடும், ஆனால் தீனி கூடவில்லை. ஏறத்தாழ ஆயிரம் கோடி நண்டுகள் இல்லாமல் போய்விட்டன. பெரும்பாலும் பட்டினியால் என்று ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். 2022 ஒக்டோபரில் அலாஸ்காவின் பனி நண்டுத் தொழிலை வரலாற்றில் முதல் தடவையாக மூடினார்கள். அங்குள்ள சட்டம் உலகிலேயே இறுக்கமான மீன் சட்டங்களில் ஒன்று. ஒவ்வொரு வருடமும் கணக்கெடுத்து, அளவு வைத்துத்தான் பிடித்தார்கள். கடல் சூடானபோது அந்தக் கணக்கால் நண்டைக் காப்பாற்ற முடியவில்லை. பிடிக்கிற அளவை மட்டும் பார்த்த சட்டம் இப்போது நீரின் சூட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மீன் ஒரு நாட்டின்ர கடலில இருந்து மற்ற நாட்டுக்குப் போனா, பிறகு அது ஆற்ற மீன்?

எந்தக் கடலில் நிற்கிறதோ அந்த நாட்டின் மீன். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன் உரிமை கரையோர நாட்டுக்கு. இலங்கை இதை 1976ஆம் ஆண்டின் கடல் வலயச் சட்டத்தின் கீழ் எடுத்துக்கொண்டது. உலகத்துக்கே இந்த ஒழுங்கைத் தந்தது 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயம். அந்த நீண்ட மாநாட்டுக்கு 1980இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அந்தச் சமவாயம் எழுதியவர்கள் கோடு கீறியது, மீன் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும் என்ற நினைப்பில். இரண்டு நாட்டுக் கடலில் திரியும் மீனைப் பற்றி "கூடிப் பேசி இணங்குங்கள்" என்று ஒரு விதி இருக்கிறது. இணங்காவிட்டால் என்ன செய்வது என்பதற்குக் கூர்மையான விடை இல்லை.

இதனால் வந்த வினைதான் மக்கறல் சண்டை. நம் கும்பளாவுக்குச் சொந்தக்கார மீன் மக்கறல். வட அத்திலாந்திக்கில் ஐரோப்பிய ஒன்றியம், நோர்வே, பரோ தீவுகள் மூன்றும் பங்கு போட்டுப் பிடித்து வந்தன. 2005 வரை ஐஸ்லாந்தின் பிடி மிகச் சொற்பம். பிறகு மீன் கூட்டம் கூட்டமாக ஐஸ்லாந்துப் பக்கம் வந்தது. 2008இல் அவர்களின் பிடி ஓர் இலட்சம் தொன்னைத் தாண்டியது. "எங்கள் கடலில் மேய்ந்து கொழுக்கும் மீன், எங்களுக்கும் பங்கு வேண்டும்" என்றது ஐஸ்லாந்து. "நாங்கள் தலைமுறையாகப் பிடித்த மீன்" என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் சிக்கல். எல்லாருக்கும் பொருந்திய பங்கு இல்லாமல் ஒவ்வொரு நாடும் தன்பாட்டுக்கு அளவு வைத்தது. எல்லாவற்றையும் கூட்டினால் விஞ்ஞானிகள் சொன்ன அளவைவிட வருடா வருடம் கூட. வளம் அழியாமல் பிடிக்கிறார்கள் என்று காட்ட அந்த மீனுக்கிருந்த நிலைபேறுச் சான்றிதழ் 2019இல் பறிபோனது. 2026க்கு விஞ்ஞானிகள் ஆலோசனை சொன்ன அளவு, அதற்கு முந்தைய வருட ஆலோசனையைவிட 70 வீதம் குறைவு. மீன் நகர்ந்தது குற்றமில்லை. நகர முன்னமே "நகர்ந்தால் பங்கு இப்படி மாறும்" என்று எழுதி வைக்காததுதான் குற்றம் என்பது என் எண்ணம்.

எங்கட சித்தப்பா நோர்வேயின்ர வட முனையில மீன் பக்டரியில வேலை செய்தவர். அங்கயும் இப்பிடிச் சண்டையோ?

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் ஆட்கள் பலர் பின்மார்க் பகுதிக் கிராமங்களில் கொட் மீன் வெட்டித்தான் வீட்டுக்குக் காசு அனுப்பினார்கள். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு ஆச்சரியமில்லை. அங்கே நிலைமை வேறு. பேரன்ட்ஸ் கடல் கொட்டை நோர்வேயும் ரஷ்யாவும் 1970களின் நடுவிலிருந்து ஒரே ஆணையத்தில் உட்கார்ந்து, மற்ற நாடுகளுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, மீதியைச் சரிபாதியாகப் பிரித்து வருகின்றன. பனிப்போர் நடந்தபோதும் பிரித்தார்கள், உக்ரேன் போருக்குப் பிறகும் பிரிக்கிறார்கள். மீன் எந்தப் பக்கம் கூட நின்றாலும் பாதி பாதிதான் என்பதால் நகர்வு சண்டையாக மாறவில்லை.

ஆனால் பங்கு சரியாக இருந்தாலும் மீன் குறையலாம். 2025க்கு அவர்கள் வைத்த அளவு 340,000 தொன். அந்த நேரத்தில் 1991க்குப் பிறகு அதுவே ஆகக் குறைவு. சித்தப்பா வேலை செய்த மாதிரியான ஊர்களுக்கு இது நேரே அடிக்கும்.

வடதுருவத்தின்ர நட்ட நடுவில ஆர் வேணுமெண்டாலும் பிடிக்கலாமோ?

ஐந்து கரையோர நாடுகளின் 200 மைல்களையும் கழித்தால் நடுவில் ஏறத்தாழ 28 இலட்சம் சதுர கிலோமீற்றர் யாருக்கும் சொந்தமில்லாத கடல் மிஞ்சும். இலங்கையைப் போல நாற்பது மடங்குக்கு மேல். முன்பு வருடம் முழுவதும் பனி மூடியிருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. இப்போது சில கோடைகளில் ஐந்தில் இரண்டு பங்கு வரை திறந்து கிடக்கிறது.

அங்கே ஒருவரும் தொழில் தொடங்கும் முன்னமே கதவைச் சாத்திவிட்டார்கள். 2009இல் அமெரிக்கா அலாஸ்காவுக்கு வடக்கேயுள்ள தன் ஆர்க்டிக் கடலில் வணிக மீன்பிடியை நிறுத்தியது. 2015இல் ஐந்து கரையோர நாடுகளும் ஒஸ்லோவில் ஒரு பிரகடனம் செய்தன. 2018 ஒக்டோபர் 3இல் கிறீன்லாந்தின் இலுலிசாட் நகரில் பத்துத் தரப்புகள் ஒப்பந்தம் கைச்சாத்திட்டன: அமெரிக்கா, ரஷ்யா, கனடா, நோர்வே, டென்மார்க், ஐஸ்லாந்து, ஐரோப்பிய ஒன்றியம், சீனா, ஜப்பான், தென்கொரியா. 2021 ஜூன் 25இல் நடைமுறைக்கு வந்தது. சாரம் இதுதான்: என்ன மீன் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கூட்டாக ஆராய்ந்து, ஒழுங்குமுறை ஒன்றை அமைக்கும் வரை வணிகக் கப்பல் எதுவும் வலை இறக்காது. ஆராய்ச்சியில் விஞ்ஞானிகளின் அறிவோடு, அந்தக் கரையில் காலம் காலமாக வாழும் இனூயிட் போன்ற மக்களின் அறிவையும் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

நான் இதைப் படித்த அன்று இரவு நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் கடலில் இழுவைமடியைத் தடைசெய்யும் திருத்தச் சட்டம் 2017இல் வந்தது. அதற்குள் கடலடி எத்தனை வருடம் கிளறப்பட்டுவிட்டது!

மீனே பிடிக்காத இடத்துக்கு எதுக்குத் தடை? முதலில பிடிச்சுப் பாக்கட்டுமே?

பிடித்துப் பார்த்து அழிந்த கதை பக்கத்திலேயே இருக்கிறது. பெரிங் கடலின் நடுவில், அமெரிக்க வலயத்துக்கும் ரஷ்ய வலயத்துக்கும் இடையில், டோனட் ஓட்டை என்று சொல்லும் ஒரு துண்டுப் பொதுக்கடல். எண்பதுகளில் பல நாட்டு இழுவைக் கப்பல்கள் அங்கே பொலொக் மீனை அள்ளின. உச்சத்தில் வருடத்துக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கு மேல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மீன் முடிந்தது. 1994இல் நல்லதொரு ஒப்பந்தம் எழுதினார்கள். முப்பது வருடம் கடந்தும் அங்கே தொழில் திறக்கும் அளவுக்கு மீன் திரும்பவில்லை. ஆர்க்டிக் ஒப்பந்தத்தை எழுதியவர்களின் கண்முன் நின்றது இந்த ஓட்டைதான்.

பதினாறு வருசத்துக்குத்தானாமே அந்தத் தடை? பிறகு?

2021இலிருந்து எண்ணினால் 2037 வரை. பிறகு ஐந்து ஐந்து வருடமாகத் தானாக நீளும். ஆனால் ஒரு தரப்பு முறைப்படி மறுத்தாலே நீளாது. இடையில் சோதனை மீன்பிடிக்கு இடமுண்டு, அதற்கும் விதி வகுத்த பிறகுதான். நிரந்தரத் தடை என்று யாராவது சொன்னால் பிழை. காலம் வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

தென்துருவத்தில நாடே இல்லையெண்டா ஆர் சட்டம் போடுறது?

1980இல் ஒரு சமவாயம் எழுதப்பட்டு, அதன்படி ஓர் ஆணையம் அவுஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் இயங்குகிறது. இந்தியா உறுப்பினர், இலங்கை இல்லை. இந்தச் சமவாயத்தில் எனக்குப் பிடித்தது, பிடிக்கிற மீனை மட்டும் பாராமல் அந்த மீனைத் தின்கிற உயிரையும் பார் என்று தொடக்கத்திலேயே எழுதியிருப்பது. பென்குவினுக்குப் போக மிச்சம்தான் கப்பலுக்கு.

பனி உருகுவதைச் சட்டம் எப்படித் துரத்திப் பிடிக்கலாம் என்பதற்கு அங்கே நல்ல உதாரணம் உண்டு. கரையோடு ஒட்டிக் கடல்மேல் மிதக்கும் பெரிய பனித்தட்டு உடைந்து போனால் ஆயிரக்கணக்கான வருடம் மூடிக்கிடந்த கடல் திடீரென வெளிச்சத்துக்கு வரும். கப்பல் அங்கே முந்திக்கொள்ளக் கூடாது என்று 2016இல் ஒரு விதி செய்தார்கள்: அந்தாட்டிக்கத் தீபகற்பப் பக்கம் அப்படித் திறக்கும் கடலை உடனே ஆய்வுக்கென ஒதுக்கலாம். அடுத்த வருடமே, 2017 ஜூலையில், லார்சன் சி பனித்தட்டிலிருந்து முல்லைத்தீவு மாவட்டத்தைப் போல இரண்டு மடங்கு பெரிய பனிப்பாறை உடைந்தது. விதி தயாராக இருந்தது. பனி உடைந்த பிறகு கூட்டம் கூட்டிப் பேசியிருந்தால் எத்தனை வருடம் போயிருக்குமோ!

அப்ப தெற்கில எல்லாம் ஒழுங்கா நடக்குது எண்டு சொல்லுறீங்களோ, ரீச்சர்?

இல்லை. அந்த ஆணையத்தில் எல்லாரும் இணங்கினால்தான் முடிவு. ஒரு நாடு தலையை ஆட்டாவிட்டால் நின்றுவிடும். 2016இல் றொஸ் கடலில் 15.5 இலட்சம் சதுர கிலோமீற்றர் பாதுகாப்பு வலயத்துக்கு இணங்கினார்கள், அது பெரிய காரியம். கிழக்கு அந்தாட்டிக்கா, வெடல் கடல், தீபகற்பம் ஆகியவற்றுக்கான திட்டங்களோ வருடக்கணக்காக நிற்கின்றன. முக்கியமாக ரஷ்யாவும் சீனாவும் இணங்கவில்லை.

கிறிலுக்கு முக்கியமான பகுதியில் ஒரு வருடத்துக்கு 620,000 தொன் என்று உச்சவரம்பு. அதையும் ஒரே இடத்தில் அள்ளாமல் நான்கு துண்டுக் கடலுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். 2024இல் அந்தப் பிரிப்பு விதியைப் புதுப்பிக்க இணக்கம் கிடைக்காமல் காலாவதியானது. அடுத்த பருவத்தில், 2025 ஓகஸ்டில், உச்சவரம்பு முதல் தடவையாக முழுவதும் எட்டப்பட்டுத் தொழிலை முன்கூட்டியே மூட வேண்டி வந்தது. மொத்த அளவு மாறவில்லை. ஆனால் பென்குவின்கள் குஞ்சு பொரிக்கும் கரைக்கருகில் பிடி குவிந்தால் அந்தப் பறவைக்குப் பட்டினி. ஒரே களப்பில் எல்லா வலையும் இறங்கினால் என்ன ஆகும் என்று கொக்கிளாயிலும் நாயாற்றிலும் இருப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சட்டம் எழுதி வைச்சா கப்பல் கேக்குமோ? எங்கட கடலிலயே கேக்கினமில்லையே?

இது நியாயமான கோபம். இழுவைமடித் தடை பற்றி மேலே சொன்னேன். சட்டம் இருந்தும் இரவில் வலை அறுந்து போகிற வீடுகள் இங்கே இருக்கின்றன. ஒரு தடவை எங்கள் பக்கத்து ஆட்கள் முறைப்பாட்டோடு ஓர் அலுவலகத்துக்குப் போக, "படம் இருக்கா, இலக்கம் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

துருவக் கடலில் காவல் படகு இன்னும் குறைவு. அங்கே கள்ளக் கப்பலைப் பிடிப்பது பெரும்பாலும் துறைமுகத்தில்தான். கள்ள மீனோடு வரும் கப்பலை இறக்க விடாதே என்று 2009இல் ஓர் உலக ஒப்பந்தம் வந்தது. இலங்கையும் அதில் இருக்கிறது. அந்தாட்டிக்காவின் ரூத்ஃபிஷ் மீனுக்குப் பிடித்த இடம் முதல் விற்ற இடம் வரை தாள் இருக்க வேண்டும். தண்டர் என்ற கள்ளக் கப்பலை 2014 டிசம்பரிலிருந்து 110 நாள், ஓர் அமைப்பின் கப்பல்கள் பின்தொடர்ந்து துரத்தின. கடைசியில் அது மேற்கு ஆபிரிக்கக் கரையோரம் மூழ்கியது. கப்டனுக்கு அங்கே தண்டனை கிடைத்தது.

சந்தையை மூடுவதும் கேட்கும். 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்கே தடை போட்டது, ஆழ்கடலில் ஒழுங்கில்லாமல் பிடிக்கிறீர்கள் என்று. 2016 ஜூனில் தடை எடுபட முன்னர் பலநாள் கலங்களுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டவும், பதிவுப் புத்தகம் எழுதவும் இங்கே எவ்வளவு அவசரப்பட்டார்கள் என்று பலருக்கு நினைவிருக்கும்.

மீன் நகருது எண்டு சொல்லி நாளைக்கு எங்கட கடல் எல்லையையும் மாத்திப் போடுவினமோ?

மாற்ற முடியாது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கோடுகள் 1974, 1976 ஒப்பந்தங்களில் முடிந்தவை. "நிலைமை மாறிவிட்டது" என்ற காரணத்தால் எல்லை ஒப்பந்தத்தை விட்டு விலக முடியாது என்று 1969ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தச் சட்டச் சமவாயம் சொல்கிறது. கடல் உயர்ந்து கரை உள்ளே வந்தாலும், கடல் மைல் எண்ணத் தொடங்கும் இடமாக ஏற்கெனவே முறைப்படி அறிவித்த கரைக்கோட்டை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில் கூறியது.

கோடு நிற்கும், மீன்தான் நிற்காது. அப்போது பிரச்சினை மக்கறல் கதையாகிறது.

இலங்கைக்கு அங்க ஒரு சொல்லும் இல்லையெண்டா நாங்கள் ஏன் மண்டையைப் போட்டு உடைக்கிறம்?

கடல் சூடானால் மீன் பொதுவாகத் துருவப் பக்கம் போகிறது. எங்கள் மாதிரி வெப்ப வலயக் கடலிலிருந்து போகிற மீனுக்குப் பதிலாக வர, இதைவிடச் சூடான கடலிலிருந்து வேறு மீன் இல்லை. ஆகவே வெப்ப வலயக் கடல்களில் பிடி குறையும், உயர்ந்த அகலக்கோடுகளில் சில இடங்களில் கூடும் என்றுதான் மாதிரிக் கணக்குகள் சொல்கின்றன. சூட்டுக்குக் காரணமான புகையில் எங்கள் பங்கு மிகச் சொற்பம். இதைச் சொல்ல வேண்டிய மேசை துருவத்தில் இல்லை. ஐக்கிய நாடுகளிலும் இந்து சமுத்திரச் சூரை ஆணையத்திலும் இருக்கிறது. இரண்டிலும் இலங்கைக்குக் கதிரை உண்டு. 2026 ஜனவரி 17இல் பொதுக்கடல் உயிர்வளங்களுக்கான புதிய ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது மீன்பிடியை நேரடியாக ஆளாது, ஆனால் பொதுக்கடலில் பாதுகாப்பு வலயம் அமைக்க வழி திறக்கிறது.

இன்னொரு காரணம். ஆர்க்டிக்கில் செய்தது போல, மீன் போக முன்னமே, படகு வர முன்னமே விதி எழுதலாம் என்று காட்ட எங்களுக்கு ஓர் உதாரணம் வேண்டும். சூரை ஆணையத்தில் பங்கு பிரிக்கும் பேச்சு வருடக்கணக்காக இழுபடுகிறது. பழைய பிடியை மட்டும் வைத்துப் பிரித்தால், பிடிக்க முடியாமல் இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. போரால் கடலுக்குப் போக விடாமல் எங்கள் கரை எத்தனை வருடம் மூடிக்கிடந்தது என்பது எந்தப் பிடிக் கணக்கிலும் வராது. அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி பிள்ளை, எங்களிட்ட அதுக்குக் கணக்கு எங்க கிடக்கு?

ஒரு வயதான ஐயா கேட்டது இது. 2009இல் இடம்பெயர்ந்தபோது சங்கத்தின் பழைய பதிவுப் புத்தகங்களும் போய்விட்டன. என் அப்பா கரைவலையில் இழுத்தவர். எந்தச் சோழகத்தில் எந்த மீன், வாடை தொடங்கி எத்தனையாம் நாள் இறால் என்று அவர் சொல்வது எல்லாம் தலைக்குள் இருந்ததுதான். அவர் இப்போது "முந்தி மாதிரிக் காத்துக்கு மீன் வருதில்லை" என்கிறார். எந்த வருடத்திலிருந்து என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனி இருந்தாவது எழுதலாம். இந்த வருடத்திலிருந்து பிள்ளைகள் ஏழு பேர் கரையில் நின்று எழுதுகிறார்கள்: திகதி, காற்று, எந்த வலை, எவ்வளவு தூரம், என்ன மீன், எத்தனை கிலோ, முன்பு காணாத மீன் ஏதும் வந்ததா. ஒரு வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கி நீரின் சூட்டையும் குறிக்கிறார்கள். ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி பாடசாலையில், ஒன்றைப் படமெடுத்து வெளியூரில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரிடம். உங்கள் கரையிலும் எழுத விரும்பினால் அந்தப் படிவத்தைச் சங்கத்தில் கேட்டு வாங்குங்கள். பொழுது விடிய முன் வரும் படகுகளைத் தவறவிடுகிறோம். அந்த நேரத்துக்கு வந்து நிற்க ஆட்கள் வேண்டும்.